வெளிச்சத்தைத் தின்னும் என்று சொல்லி விற்றேன்

தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் திண்டிவனம் கடைத் தம்பி ஒரு போட்டோ போட்டிருந்தார். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, பால் வெள்ளையாக, விரல் நுனிகள் மட்டும் ஊதாவாக ஒரு அனிமோன். "ஒயிட் பீஸ் வந்திருக்குது அண்ணே. கோமாளி மீன் ஜோடியோட சேத்து ஒரு கஸ்டமர் கேக்குறாரு. குடுக்கலாமா?" என்று கீழே எழுதியிருந்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டீர்கள். நான் "குடுக்காதே" என்று ஒரே வார்த்தை போட்டேன். "ஏன் அண்ணே?" என்றார். ஒரு வாரமாக நான் வாயைத் திறக்கவில்லை.

இதுதான் பதில். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் அனிமோனைப் பற்றி இருப்பதைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். குழுவில் என்னை 'குருவே' என்று கூப்பிடுகிறவர்கள் படித்து முடித்த பிறகு அதை நிறுத்திவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். நிறுத்தினால் எனக்கும் நிம்மதி.

செஞ்சிக் கடைவீதியில் இருபத்தைந்து வருடம் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தேன். நெல்லும் மல்லாட்டையும் விளைகிற ஊர், எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீன் விற்கிறேன் என்று கிளம்பியபோது பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர், "கோட்டை மேல கப்பல் விடுவியா?" என்று கேட்டார். தங்கமீனும் கப்பியும் விற்றுக் காலம் தள்ளியிருக்கலாம். எனக்குப் பேராசை. பேராசை என்றால் காசு மட்டும் இல்லை. ஆச்சரியப்பட வைக்கிறவன் என்று ஊரில் பெயர் எடுக்கிற ஆசை. அந்த ஆசைதான் என்னைப் பொய் பேச வைத்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. அனிமோன் பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் அது பிராணி. விரல் விரலாக இருப்பதெல்லாம் விஷக் கொடுக்கு. கோமாளி மீனுக்கு மட்டும் அது உறைக்காது, அதனால் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அனிமோனுடைய சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பாசி சமைத்துப் போடுகிற சாப்பாட்டில்தான் அனிமோனுக்குப் பாதி வயிறு நிரம்புகிறது. மீதிக்கு அது பிடித்துத் தின்ன வேண்டும். மீனோ இறாலோ எது விரலில் பட்டாலும் விடாது. அதன் பழுப்பும் பச்சையும் அந்தப் பாசியின் நிறம். சூட்டிலும் இருட்டிலும் பெட்டிக்குள் அடைந்து வரும்போது அந்தப் பாசி வெளியேறிவிடும். அப்புறம் தெரிகிறதே வெள்ளை, அது சமையல்காரன் கோபித்துக்கொண்டு போய்விட்ட வீடு. அழகு என்று நாம் விற்பது பசியை.

எனக்கு அது அப்போதே தெரியும். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். அதற்கு முந்தின வருடம் என் கடையிலேயே ஒரு வெள்ளை அனிமோன் வாயைப் பிளந்துகொண்டு கரைந்து போயிருந்தது. அந்த நாற்றத்துக்குப் பாத்திரக்கடைக்காரர் இரண்டு நாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வியாபாரம் பார்த்தார்.

எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, மேல்சித்தாமூரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சமணக் குடும்பம். அவர் மனைவிக்குப் பாண்டிச்சேரியில் முட்டி ஆபரேஷன் நடந்திருந்தது. ஆஸ்பத்திரி வரவேற்பறையில் இருந்த தொட்டியில் கோமாளி மீன் ஜோடி அனிமோனுக்குள் புரண்டு விளையாடுவதை அந்த அம்மா வலியை மறந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகும் அதே பேச்சு. தொட்டியும் மீனும் ஏற்கெனவே என்னிடம்தான் வாங்கி, மூன்று வாரம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அந்தப் பூ வேண்டும் என்று வந்திருந்தார்.

என் கடையில் அன்றைக்கு ஒரு வெள்ளை அனிமோன் இருந்தது. வந்து நாலு நாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. சென்னையில் நான் சரக்கெடுக்கிற ஆள் திருப்பி எடுக்க மாட்டார். அது என் கையில் சாகும் முன்னால் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். அவர் அதன் முன்னால் குனிந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"தம்பி, இது இன்னா சாப்பிடும்?"

ஒரு கேள்விதான். அனிமோனைப் பற்றி வேறு எதையும் அவர் கேட்கவில்லை, பேரம் கூடப் பேசவில்லை. ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். தண்ணீரில் இருக்கிற சின்னப் பூச்சி கூடச் செத்துவிடக் கூடாது என்று வடிகட்டித்தான் குடிப்பார்கள். இருட்டில் பூச்சி விழுந்துவிடும் என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் கேட்கிறார்.

"வெளிச்சத்தைத் தின்னும் சார்" என்றேன்.

"வெளிச்சத்தையா?"

"ஆமா சார். செடி மாதிரி. விளக்கு போட்டா போதும். வேற ஒண்ணும் கேக்காது."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். முப்பது வருடம் பாடம் நடத்தியவர், புதிதாக ஒன்று கற்றுக்கொண்ட பிள்ளை மாதிரி சிரித்தார். "யாரையும் நோகடிக்காம ஒரு ஜீவன்! வீட்ல அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்ப்பா" என்றார். மீன் தீனியைப் பற்றியும் கேட்டார். "பாசி உருண்டை சார், சுத்தம்" என்றேன். அந்தத் தீனி பாக்கெட்டில் பின்பக்கம் பொடி எழுத்தில் முதல் வார்த்தையே மீன் தூள்தான். அதனால் லேபிள் இல்லாத பாட்டிலில் மாற்றித்தான் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாட்டிலை மறந்துவிடாதீர்கள், பிறகு வரும்.

நல்ல அனிமோனை எப்படிப் பார்த்து எடுக்க வேண்டும் என்று நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். வாய் இறுக்க மூடியிருக்க வேண்டும், அடிப்பாதத்தில் கிழிசல் இருக்கக் கூடாது, விரலை வைத்தால் ஒட்ட வேண்டும், நிறம் பழுப்பிலோ பச்சையிலோ இருக்க வேண்டும். வைக்கிற தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மூன்று வாரத் தொட்டிக்கு வெள்ளை அனிமோனைக் கொடுத்தபோது இதில் ஒன்று கூட நான் பார்க்கவில்லை. பார்க்கத் தெரியாமல் இல்லை.

அதற்கப்புறம் நடந்தது நான் எதிர்பாராதது. அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அந்த ஊர்ச் சமண மடத்துக்கு வருகிறவர்கள் அப்படியே இவர்கள் வீட்டுக்கும் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்து தொட்டி முன்னால் நிறுத்தி, "பாரு, இது வெளிச்சத்தை மட்டும் சாப்டுட்டு உசுரோட இருக்குது. ஒரு உயிரையும் கொல்றதில்ல" என்று காட்டினார்கள். நான் வாரா வாரம் சர்வீஸுக்குப் போகும்போது இதைக் காதால் கேட்பேன். தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆமாம்மா" என்பேன்.

இரண்டாவது வாரமே அது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அம்மா கவலைப்பட்டார். "விளக்கை இன்னும் கொஞ்ச நேரம் போடட்டுமா தம்பி? பசிக்குதா அதுக்கு?" என்று கேட்டார்.

பசிதான். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன், திருப்பி எடுத்துக்கிறேன்" என்று ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த வாரம் மீன் மார்க்கெட்டில் இறால் வாங்கி, பட்டாணி அளவுக்கு நறுக்கி, பட்டர் பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனேன். துணி கட்டிய அந்தக் குழாயைத் தாண்டித்தான் கூடத்துக்குப் போக வேண்டும். அம்மா எனக்குக் காபி போடக் கோலை ஊன்றி ஊன்றி உள்ளே போவார். போகிற சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம் எல்லாம் கேட்கும். அதற்குள் இடுக்கியால் இறாலை எடுத்து அனிமோன் வாயில் வைத்துவிடுவேன். அவர் திரும்பி வரும்போது விரல்களெல்லாம் மூடியிருக்கும். "என்னப்பா, தூங்குதா?" என்பார். "ஆமாம்மா" என்பேன். கையைத் துடைத்துக்கொண்டு அவர் போட்ட காபியைக் குடிப்பேன்.

ஐந்து மாதம் இப்படி. ஒவ்வொரு தடவையும் கூசியது. கூசிக்கொண்டேதான் செய்தேன். கூச்சம் இருந்தால் மனிதன் தப்பு செய்ய மாட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதில் ஒரு கொடுமை, அனிமோன் தேறிவிட்டது. மூன்றாவது மாதம் வெள்ளைக்குள் தேன் நிறம் இறங்கியது. பாசி திரும்பி வருகிறது என்று அர்த்தம். கோமாளி மீன் இரண்டும் அதற்குள் புகுந்து கிடந்தன. சார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பொய் பலித்துவிட்டது, இனி இறாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

மகாவீர் ஜெயந்திக்கு முதல் நாள். மறுநாள் வீட்டுக்கு நிறையப் பேர் வருவார்கள், தொட்டியைப் பளிச்சென்று துடைத்துக் கொடு என்று சார் கூப்பிட்டிருந்தார். அடுத்த வாரம் நான் சென்னைக்குச் சரக்கெடுக்கப் போக வேண்டியிருந்தது. இரண்டு வாரத்துக்குச் சேர்த்துத் தாங்கட்டும் என்று பாதி இறாலை வாலோடு வைத்துவிட்டேன். பெரிய துண்டு வைத்தால் அனிமோன் பாதி செரித்துவிட்டு வாந்தி எடுக்கும். இதையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆனால் உள்ளே காபி டம்ளர் சத்தம் கேட்டுவிட்டது. நறுக்க நேரமில்லை.

மறுநாள் காலையில், கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நிற்கும்போது, அது வாயைத் திறந்து அந்த இறாலை வெளியே தள்ளிவிட்டது.

சார் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. "கொஞ்சம் வந்துட்டுப் போப்பா" என்றார். நான் போய்ச் சேரும்போது ஆட்களெல்லாம் போய்விட்டிருந்தார்கள். அம்மா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். முட்டி மடக்க முடியாதவர், படியில் எப்படி உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சார் சொன்னார். வலையால் எடுத்துப் பாக்கு மட்டைத் தட்டில் வைத்திருந்ததை என் முன்னால் நகர்த்தினார்.

"இது இன்னா தம்பி?"

"அதோட கழிவு சார். சில நேரம் அப்படித்தான்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. சார் குனிந்து, விரல் படாமல், ஒரு ஈர்க்குச்சியால் அதன் ஓரத்தைத் தள்ளிக் காட்டினார்.

"வால் இருக்குதே" என்றார்.

எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். தொட்டி உடைந்து ஒரு ஜவுளிக்கடையில் புடவைக் கட்டெல்லாம் நனைந்தபோது அடி வாங்காத குறை. அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த மனிதர் 'வால் இருக்குதே' என்று மாணவன் போட்ட தப்புக் கணக்கைக் காட்டுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார் பாருங்கள், எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை அனிமோன் ஏன் வெள்ளை என்பதிலிருந்து சட்டைப் பை வரைக்கும்.

கேட்டு முடித்துவிட்டு அம்மா படியிலிருந்தே சொன்னார். "அது மேல தப்பு இல்ல. அது அப்படித்தான் பொறந்திருக்குது. எடுத்துட்டுப் போய் அதுக்கு வேண்டியதக் குடு. இங்க வெச்சு பட்டினி போடாதே."

பிறகு கேட்டார். "மீனுக்குப் போடுறமே, பாட்டில்ல இருக்குறது? அது?"

"அது பாசிம்மா. சுத்தம்" என்றேன்.

ஆமாம். அவ்வளவும் நடந்த பிறகு, அழாத குறையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மறுபடியும் பொய் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒரு அவமானம் போதும் என்று பட்டது. இதைத்தான் எட்டு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பொய்யோடு தொட்டிக்குள் கையை விட்டேன். அனிமோனைப் பாறையிலிருந்து எடுப்பதற்கு அவசரம் ஆகாது. பாறையோடு சேர்த்துத் தூக்க வேண்டும், இல்லை என்றால் அதன் பாதத்தில் மெல்லத் தண்ணீரைப் பீய்ச்சி அதுவாக விடும்வரை காத்திருக்க வேண்டும். அரை நாள் கூட ஆகும். அந்த வீட்டில் அரை நாள் உட்கார எனக்கு முகம் இல்லை. நகத்தை விட்டு நெம்பினேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று, "வலிக்குதா அதுக்கு?" என்று கேட்டார். "அதுக்கு வலியெல்லாம் தெரியாதும்மா" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? பாதம் கிழிந்தது. வாளிக்குள் போட்டு மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் என் கடையில் செத்தது. ஐந்து மாதம் பொய் சொல்லிப் பிழைக்க வைத்ததை, ஐந்து நிமிஷ வெட்கத்தில் கொன்றேன். அம்மா போன் செய்து கேட்டபோது "நல்லா இருக்குதும்மா" என்றேன்.

இதில் தொழிலுக்கு ஒரு பாடம் உண்டென்றால் இதுதான். அனிமோன் போன பிறகு அந்தக் கோமாளி மீன் இரண்டும் ஒரு வாரம் தடுமாறின. அப்புறம் மூலையில் இருந்த ஒரு மண்சட்டிக்குள் குடியேறிவிட்டன. அதற்குள்ளேயே முட்டை வைத்தன. தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீனுக்கு அனிமோன் அவசியமே இல்லை. நாம்தான் ஜோடி சேர்த்து விற்கிறோம். வேண்டும் என்று அடம் பிடிக்கிற கஸ்டமருக்கு, தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆகட்டும் என்று சொல்லுங்கள். மோட்டார் வாயில் வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இடம் பிடிக்காமல் நகர்ந்து போகிற அனிமோன் அதில் மாட்டினால் தொட்டியே போய்விடும். கொடுக்கும் முன்னால் அது என்ன தின்னும் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

சார் என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. "வர்றத நிறுத்திடாதே. மீனுக்கு வேற யாரு இருக்காங்க?" என்றார். அதனால் எட்டு வருடம் மாதாமாதம் போய்ப் பாட்டிலை நிரப்பி வைத்தேன். தினமும் காலையில் அம்மாதான் தன் கையால் தீனி போடுவார். அவர் கோல் சத்தம் கேட்டாலே மீன் இரண்டும் மேலே வந்துவிடும்.

போன தை மாதம் கடையைத் தேன்மொழிக்குக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கெல்லாம் தெரியும், இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். திண்டிவனம் தம்பியின் போட்டோ வந்த அதே நாளில் அவளும் போன் செய்தாள். "அண்ணே, மேல்சித்தாமூர் வீட்டுக்குன்னு தனியா ஒரு பாட்டில் இருக்குது, லேபிளே இல்ல. அதுல எந்தத் தீனி போடணும்?" என்று கேட்டாள். என் பொய்யை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேபிளோடு ஒரு புதுப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூடத்தில் இரண்டு பேரும் இருந்தார்கள். சாருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மாதிரி விஷயத்தைச் சத்தமாகச் சொல்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "முதல்லேருந்தே அதுல மீன் தூள்தான் சார். பாசின்னு பொய் சொன்னேன். அன்னிக்கு நீங்க எறாலைக் கண்டுபிடிச்சப்பவும் பொய் சொன்னேன். அந்த அனிமோனும் மூணாம் நாளே செத்துடுச்சு" என்றேன்.

"ஏம்ப்பா" என்றார் சார். "அன்னிக்கு எறாலுக்கே நாங்க உன்ன ஒண்ணும் சொல்லலியே. அப்பவே சொல்லிருக்கலாமே."

"தெம்பு இல்ல சார்."

அம்மா பாக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீன் மீனைத்தான் தின்னும்னு எனக்குத் தெரியாதா தம்பி? அது அதோட பொழப்பு. அதுக்கு நான் வருத்தப்படல." பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டார். "நாங்க தெனமும் பொழுது சாயறப்போ உக்காந்து, அன்னிக்குப் பண்ண தப்ப எல்லாம் நெனச்சு மன்னிப்புக் கேப்போம். அப்படிக் கேக்கறப்போ எனக்கு ஒரு ஆறுதல் இருக்கும். எத்தனை தப்பு பண்ணாலும், காலைல அந்த ரெண்டு உசுருக்கும் யாருக்கும் நோகாம சோறு போட்டேனேன்னு. எட்டு வருஷமா அத நல்லதுல சேத்து வெச்சிருந்தேன்."



"இத நிறுத்தினா செத்துடுமா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா" என்றேன். அந்த வீட்டில் நான் 'தெரியாது' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "பாசி மட்டும் போட்டுப் பாக்கலாம். வயசான மீனு. தாங்குமான்னு என்னால சொல்ல முடியல."

அவர் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். சத்தம் கேட்டு மீன் இரண்டும் சட்டியிலிருந்து வெளியே வந்து மேலே நின்றன. அவர் பாக்கெட்டைக் கிழித்து ஒரு சிட்டிகை எடுத்தார். கை தண்ணீருக்கு மேலே அப்படியே நின்றது. மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு போட்டார். அவை தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க" என்று சாரைக் கூப்பிட்டுக் கொஞ்சம் உரக்கச் சொன்னார். "சாயந்திரம் சொல்லும்போது இன்னிலேருந்து இதையும் தப்புல சேத்துச் சொல்லணும். பழக்கத்துல விட்டுடுவேன். ஞாபகப்படுத்துங்க."

சார் தலையாட்டினார். என்னைப் போ என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. அம்மா உள்ளே போய்க் காபி போட்டு எடுத்து வந்தார். டம்ளர் ஆறுகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தேன்.

தேன்மொழி, அந்த வீட்டுக்கு இனிமேல் பாட்டில் வேண்டாம். பாக்கெட்டாகவே கொண்டுபோய்க் கொடு. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு மாதமும் நீ வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுக் கொடு.